பி53 புரதத்துக்கான டிஓ-1 ஆன்டிபாடி: ஓர் ஆய்வக மதிப்புரை

மனித பி53 புரதத்தைக் கண்டறிவதற்கென்று சந்தையில் விற்கப்படும் ஆன்டிபாடிகளை, அதாவது குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்களை, எண்ணத் தொடங்கினால் நூற்றுக்கணக்கில் போகும். இந்தப் புரதத்தில் முதன்முதலாக வேலை தொடங்கும் ஆராய்ச்சி மாணவர் அந்தப் பட்டியலைப் பார்த்துத் திகைத்துப்போவது இயல்பு. யார் என்னிடம் கேட்டாலும், ஒரே ஒரு குப்பிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டிஓ-1 என்ற குளோனை (ஒரே செல் வழியிலிருந்து வரும் ஆன்டிபாடியை) வாங்குங்கள் என்றே சொல்லி வருகிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், எந்தெந்தச் சோதனைகளில் இதை மட்டும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்பதையும் விரிவாக எழுதுவது பலருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன். இந்த ஆன்டிபாடியின் பெரிய சிறப்பு, அது பி53-இல் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பது ஒவ்வொரு அமினோ அமிலமாகத் தெரிந்திருப்பதுதான். அதன் குறைகளில் பெரும்பாலானவை அதே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. ஆகவே எந்தச் சோதனையில் அது கைவிடும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடிகிறது.

முதலில் புரதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். பி53 என்பது 393 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு மரபணு ஒழுங்குபடுத்திப் புரதம். இதற்கான மரபணு 17-ஆம் குரோமோசோமின் குறுங்கையில் இருக்கிறது. 1979-ஆம் ஆண்டு, எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜென் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு செல் புரதமாக இதைச் சில ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. டிஎன்ஏ சேதமடைந்தால் பி53 திரண்டு, பி21 முதலான பல மரபணுக்களை இயக்கி, செல் பிரிவதை நிறுத்துகிறது அல்லது செல்லைச் சாக வைக்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்த மரபணுவில் பிறழ்வு காணப்படுகிறது. சாதாரணச் செல்லில் எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் பி53-ஐப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதால் அதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம்தான். ஒரு செல்லில் பி53 எவ்வளவு இருக்கிறது என்பதே அந்தச் செல்லின் நிலைமையைப் பற்றிய ஒரு செய்தி. அந்த அளவைச் சரியாகக் காட்டும் ஆன்டிபாடி கையில் இல்லையென்றால் மற்ற எல்லா அளவீடுகளும் அந்தரத்தில் நிற்கும்.

டிஓ-1 ஸ்காட்லாந்தின் டண்டீயில் உருவானது. போரிவோய் வோய்டெஷெக், டேவிட் லேன் ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் 1992-இல் இதை வெளியிட்டார்கள். பி53-ஐ மரபணுத் தொகுதியின் காவலன் என்று லேன் எழுதியதும் அதே ஆண்டுதான். பாக்டீரியாவில் தயாரித்த மனித பி53-ஐ எலிகளுக்குச் செலுத்திப் பெற்ற மோனோகுளோனல் ஆன்டிபாடி இது. ஆன்டிபாடி வகைகளில் ஐஜிஜி2ஏ என்ற வகையைச் சேர்ந்தது. மோனோகுளோனல் என்பதால் ஒரே ஹைப்ரிடோமா (ஆன்டிபாடி சுரக்கும் கலப்புச் செல்) வழியிலிருந்து மாறாமல் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. முயலிலிருந்து எடுக்கும் பாலிகுளோனல் ஆன்டிபாடிகளில் அந்த முயலின் இரத்தம் தீர்ந்தால் அதே பொருளை மறுபடியும் பெற வழியில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளியான கட்டுரையின் படத்தையும் இன்று நம் மெம்பரேனில் (புரதங்களை ஏற்றிய தாளில்) தெரியும் பட்டையையும் ஒரே ஆன்டிபாடியின் விடையாக வைத்து ஒப்பிட முடிவது சாதாரண வசதியல்ல.

இது பிடிக்கும் இடம் புரதத்தின் தொடக்க முனையில், 20-ஆவது அமினோ அமிலம் முதல் 25-ஆவது வரை: செரின், அஸ்பார்டிக் அமிலம், லூசின், டிரிப்டோஃபான், லைசின், லூசின். ஆறே ஆறு எழுத்துகள். எலியின் பி53-இல் இதே இடத்தில் ஐந்து எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. 21-ஆவது இடத்தில் மட்டும் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதிலாக கிளைசின் வருகிறது. டிஓ-1 எலியின் பி53-ஐக் காண மறுப்பதை இந்த ஓர் எழுத்து வேறுபாட்டைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். இதைக் குறை என்று மட்டும் பார்க்கக் கூடாது. மனிதப் புற்றுநோய்ச் செல்களை எலிக்குள் வளர்த்து, அந்தக் கட்டியை அரைத்துப் பார்க்கும்போது, எலியின் இரத்தக்குழாய்களிலும் இணைப்புத் திசுவிலும் இருக்கும் பி53 கணக்கில் சேராது. மனிதச் செல்களின் பி53 மட்டும் தெரியும். எலியின் கருச் செல்களிலோ எலித் திசுக்களிலோ வேலை செய்பவர்களுக்கு இந்தக் குப்பியால் எந்தப் பயனும் இல்லை. அவர்கள் இரண்டு இனத்தின் பி53-ஐயும் பிடிக்கும் பிஏபி421 போன்ற குளோனையோ, எலிக்கென்றே சரிபார்க்கப்பட்ட வேறொன்றையோ வாங்க வேண்டும்.

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்தான் இதன் சொந்த ஊர் என்று சொல்லலாம். மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் செறிவில் வரும் குப்பியை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்து, 5 சதவீதக் கொழுப்பு நீக்கிய பால் கலந்த டிபிஎஸ்டி என்ற உப்புக் கரைசலில், 4 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் வைத்தால் போதும். 10 சதவீத ஜெல்லில் 20 முதல் 40 மைக்ரோகிராம் வரை மொத்தப் புரதம் ஏற்றுகிறோம். பட்டை 53 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவில் விழுகிறது. அமினோ அமிலங்களின் எடையைக் கூட்டினால் 44 கிலோடால்டனுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். புரதத்தில் புரோலின் நிறைந்த ஒரு பகுதி இருப்பதால் அது ஜெல்லில் மெதுவாக ஓடி, உண்மையான எடையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 44-இல் பட்டையைத் தேடி, காணோமே என்று கவலைப்படும் மாணவர்கள் உண்டு. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

புதிய குப்பி வந்தவுடன் நாங்கள் ஓட்டும் ஜெல் எப்போதும் ஒரே அமைப்புதான். முதல் குழியில் எதுவும் கொடுக்காத எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய்ச் செல்கள். இரண்டாவதில் அதே செல்களுக்கு, எம்டிஎம்2-இன் பிடியிலிருந்து பி53-ஐ விடுவிக்கும் நட்லின்-3 மருந்தைக் கொடுத்து மறுநாள் எடுத்தவை. மூன்றாவதில் பி53 மரபணுவே சிதைந்துபோன எச்1299 நுரையீரல் செல்கள். நான்காவதில் பி53-இன் 273-ஆவது இடத்தில் எழுத்து மாறிய ஆர்273எச் பிறழ்வு கொண்ட எம்டிஏ-எம்பி-468 செல்கள். நல்ல குப்பி என்றால் முதல் குழியில் மங்கலான ஒற்றைப் பட்டை, இரண்டாவதில் அதே உயரத்தில் அடர்ந்த பட்டை, மூன்றாவதில் வெறுமை, நான்காவதில் மற்ற மூன்றையும் மிஞ்சும் கருமை. அந்த மூன்றாவது குழியின் வெறுமைதான் முழுச் சோதனைக்கும் ஆதாரம். மெம்பரேனின் ஒளியை எவ்வளவு நேரம் பதிவு செய்தாலும் அந்த இடத்தில் 53 கிலோடால்டனில் எதுவும் எழக் கூடாது. டிஓ-1 இதில் எங்களை ஏமாற்றியதே இல்லை. எச்1299 இல்லாதவர்கள் சாவோஸ்-2 எலும்புப் புற்றுநோய்ச் செல்களை வைத்துக்கொள்ளலாம். அவற்றிலும் பி53 கிடையாது. ஹீலா செல்களை வெற்றுச் சான்றாக வைப்பது சரியல்ல. அவற்றில் மரபணு நல்ல நிலையில்தான் இருக்கிறது. பாப்பிலோமா வைரஸ் 18-இன் இ6 புரதம் பி53-ஐத் தொடர்ந்து அழிப்பதால் அளவு குறைந்திருக்கிறது, அவ்வளவே. 293டி செல்களில் நிலைமை நேர் எதிர்: எஸ்வி40-இன் டி ஆன்டிஜென் பி53-ஐப் பிடித்து வைத்திருப்பதால் அளவு மிக அதிகமாகத் தெரியும், ஆனால் அது செயலற்றுக் கிடக்கிறது.

சில மாதிரிகளில் ஒன்றுக்குப் பதிலாக மிக நெருங்கிய இரட்டைப் பட்டை தெரிவதுண்டு. உடனே ஆன்டிபாடி கண்டதையும் பிடிக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பி53-இன் 72-ஆவது இடத்தில் சிலருக்கு ஆர்ஜினினும் சிலருக்கு புரோலினும் இருக்கும். புரோலின் வடிவம் ஜெல்லில் சற்று மெதுவாக ஓடும். இரண்டு வடிவங்களும் கொண்ட ஒருவரின் செல்களில் இரட்டைப் பட்டை தெரிந்தால் அதுதான் உண்மை நிலை.

அளவுச் சான்றுக்கு, அதாவது எல்லாக் குழிகளிலும் சம அளவு புரதம் ஏறியதைக் காட்ட, எந்தப் புரதத்தை வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பல ஆய்வகங்களில் வழக்கமாக வைக்கும் டியூபுலின் 50 முதல் 55 கிலோடால்டனுக்குள் விழுகிறது. அதாவது பி53-இன் மேலேயே போய் உட்காரும். ஆக்டின் 42-இல் இருப்பதால் மெம்பரேனை வெட்டிப் பிரிப்பது சிரமம், அதன் ஆன்டிபாடியும் பெரும்பாலும் எலியிலிருந்துதான் வருகிறது. 36 கிலோடால்டனில் விழும் ஜிஏபிடிஎச் அல்லது 117-க்கு அருகில் விழும் வின்குலின் இருந்தால் மெம்பரேனைக் கத்தரித்து இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். எங்கள் ஆய்வகத்தில் வின்குலினையே வைத்திருக்கிறோம். செல்லை உடைக்கும்போது பனிக்கட்டியின் மேல் வேகமாக வேலை செய்வதும், புரோட்டியேஸ் தடுப்பான்களை அன்றன்றே சேர்ப்பதும், குரோமட்டினோடு (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த சுருளோடு) ஒட்டியிருக்கும் பி53 வெளியே வரும்படி சிறிது நேரம் சோனிகேட் செய்வதும் (ஒலியலையால் உடைப்பதும்) ஆன்டிபாடியின் தரத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையவை. பட்டை மங்கலாக வந்ததற்குக் குப்பியைக் குறை சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

இனி இந்த ஆன்டிபாடியின் மிக முக்கியமான வரம்புக்கு வருகிறேன். டாக்ஸோரூபிசின், எட்டோபோசைடு போன்ற மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ டிஎன்ஏ சேதமடையும்போது, கைனேஸ் நொதிகள் பி53-இன் தொடக்க முனையில் செரின் 15, திரியோனின் 18, செரின் 20 ஆகிய இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. இவற்றில் செரின் 20 என்பது டிஓ-1 பிடிக்கும் ஆறு எழுத்துகளில் முதல் எழுத்து. அந்த இடத்தில் பாஸ்பேட் ஏறிய பி53-ஐ டிஓ-1 பிடிக்காது என்பது 1999-இல் வெளியான ஆய்விலேயே காட்டப்பட்டுவிட்டது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மருந்து கொடுத்தபின் பி53 எவ்வளவு கூடியது என்று அளக்கிறோம். அதே மருந்துதான் ஆன்டிபாடியின் பிடியையும் ஒரு பகுதி மூலக்கூறுகளிலிருந்து எடுத்துவிடுகிறது. கூடியிருப்பது தெரியும், எவ்வளவு கூடியது என்பது குறைவாகத் தெரியும். கூடியதா இல்லையா என்ற கேள்விக்கு டிஓ-1 போதும். எத்தனை மடங்கு என்று எண்ணாக எழுத வேண்டுமானால், 46 முதல் 55 வரையுள்ள பகுதியைப் பிடிக்கும் பிஏபி1801 போன்ற இன்னொரு குளோனையும் வைத்துப் பார்க்க வேண்டும். அல்லது மாதிரியின் ஒரு பங்கை லாம்டா பாஸ்பேட்டேஸ் நொதியால் கழுவி, பாஸ்பேட்டை நீக்கியபின் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். நட்லின் கொடுத்த செல்களில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. 2004-இல் வெளியான அந்த மருந்து எம்டிஎம்2-இன் பள்ளத்தில் போய் அமர்ந்து பி53-ஐ விடுவிக்கிறது. டிஎன்ஏவைச் சேதப்படுத்துவதில்லை என்பதால் சேதத்தின்போது ஏறும் பாஸ்பேட் இங்கே ஏறுவதில்லை. நட்லினால் திரண்ட பி53-ஐயும் டாக்ஸோரூபிசினால் திரண்ட பி53-ஐயும் டிஓ-1-ஐ மட்டும் கொண்டு ஒரே மெம்பரேனில் ஒப்பிட்டு, நட்லின்தான் அதிகம் திரட்டுகிறது என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம். அந்தச் சோதனை அதை நிரூபிக்கவில்லை.

இரண்டாவது வரம்பும் இதே இடத்தைச் சேர்ந்ததுதான். பி53-ஐ எம்டிஎம்2 பிடிப்பதும் இந்த முனையில்தான். 1996-இல் வெளியான படிக அமைப்பு காட்டியபடி ஃபீனைல்அலனின் 19, டிரிப்டோஃபான் 23, லூசின் 26 ஆகிய மூன்றும் எம்டிஎம்2-இன் பள்ளத்துக்குள் புகுந்து நிற்கின்றன. டிரிப்டோஃபான் 23 டிஓ-1-இன் எபிடோப்புக்கு, அதாவது அது பிடிக்கும் இடத்துக்கு, நடுவில் இருக்கிறது. ஒரே இடத்தை இரண்டு புரதங்கள் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. ஆகவே டிஓ-1-ஐக் கொண்டு பி53-ஐ இழுத்து, அதோடு எம்டிஎம்2 வருகிறதா என்று பார்ப்பது அடிப்படையிலேயே பிழையான சோதனை. எம்டிஎம்2 வரவில்லை என்று தெரிந்தால் அது இரண்டு புரதங்களும் பிரிந்ததைக் காட்டுகிறதா, ஆன்டிபாடி வழியை அடைத்ததைக் காட்டுகிறதா என்று சொல்லவே முடியாது. இந்தச் சோதனைக்குப் புரதத்தின் இறுதி முனையில் 371 முதல் 380 வரை பிடிக்கும் பிஏபி421 பொருத்தமானது; அதற்கும் செரின் 378-இல் பாஸ்பேட் ஏறினால் பிடி போய்விடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எம்டிஎம்2-இன் பக்கத்திலிருந்து இழுத்து பி53-ஐத் தேடுவது இன்னும் நல்லது.

மூன்றாவதாக, தொடக்க முனை இல்லாத குட்டை வடிவங்கள் டிஓ-1-க்குத் தெரியாது. முதல் 39 அமினோ அமிலங்கள் இல்லாத டெல்டா40, முதல் 132 இல்லாத டெல்டா133 ஆகியவை இவ்வகை. 2005-இல் பி53-இன் பல வடிவங்கள் விவரிக்கப்பட்ட பிறகு, வெறும் டிஓ-1 பட்டையைக் காட்டி மொத்த பி53 என்று எழுதுவது துல்லியமாகாது. முழு நீளத் தொடக்கம் கொண்ட ஆல்ஃபா, பீட்டா, காமா வடிவங்கள் தெரியும். இதே பண்பு இன்னொரு இடத்தில் பெரிய நன்மையாகிறது: புற்றுநோயில் நடுவில் நிறுத்தக் குறியீடு வந்து பாதியில் அறுந்துபோகும் பி53 வடிவங்களை இறுதி முனை ஆன்டிபாடிகள் தவறவிடும், அந்தத் துண்டு நிலைத்து நின்றால் டிஓ-1 அதைக் குறைந்த எடையில் காட்டிவிடும்.

இம்யூனோபிரிசிபிடேஷன், அதாவது ஆன்டிபாடியால் புரதத்தைக் கரைசலிலிருந்து இழுத்தெடுக்கும் சோதனை, செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இழுப்பதில் டிஓ-1 மிக நன்றாகவே வேலை செய்கிறது. ஐஜிஜி2ஏ வகை என்பதால் புரோட்டீன் ஏ மணிகளும் புரோட்டீன் ஜி மணிகளும் இதை நன்கு பிடித்துக்கொள்கின்றன. ஒரு மாதிரிக்கு 2 மைக்ரோகிராம் போதும். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. மணிகளைக் கொதிக்க வைக்கும்போது பி53-ஓடு ஆன்டிபாடியின் இரு வகைச் சங்கிலிகளில் பெரியதான கனச் சங்கிலியும் கழன்று வருகிறது. அதன் எடை 50 முதல் 55 கிலோடால்டன். பி53 விழும் இடத்திலேயே அதுவும் விழுகிறது. அதன்பின் அதே மெம்பரேனை டிஓ-1-ஆலும் முதல் ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும், எலி ஐஜிஜிக்கு எதிரான செகண்டரி ஆன்டிபாடியாலும் பார்த்தால், எல்லாக் குழிகளிலும், எச்1299 குழி உட்பட, கண்ணைப் பறிக்கும் தடித்த பட்டை தெரியும். அதில் பி53 எங்கே முடிகிறது, கனச் சங்கிலி எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வெறும் எலி ஐஜிஜி போட்ட சான்றுக் குழியிலும் அதே பட்டை வந்திருப்பதைக் கவனித்தால் விஷயம் உடனே விளங்கும். இதற்கு வழிகள் உண்டு. முயலில் தயாரித்த பி53 ஆன்டிபாடியால் மெம்பரேனைப் பார்ப்பது எளிய வழி. பட்டையை ஒளிரச் செய்யும் எச்ஆர்பி நொதி நேரடியாகப் பிணைக்கப்பட்ட டிஓ-1 கிடைக்கிறது. அதற்கு செகண்டரியே தேவையில்லை. மெல்லிய சங்கிலியை மட்டும் அறியும் செகண்டரியைப் பயன்படுத்தினால் இடைஞ்சல் 25 கிலோடால்டனுக்குப் போய்விடும். ஆன்டிபாடியை மணிகளோடு வேதிப்பிணைப்பால் கட்டிவிடுவது எல்லாவற்றிலும் சுத்தமானது, ஆனால் நேரம் பிடிக்கும். பி53-ஓடு சேர்ந்து வரும் வேறு புரதத்தைத் தேடுவதுதான் நோக்கம் என்றால், அந்தப் புரதம் 50-க்கு அருகில் இல்லாதவரை இந்தக் கவலையே வேண்டாம்.

டிஎன்ஏவில் பி53 எங்கே அமர்ந்திருக்கிறது என்று பார்க்கும் குரோமட்டின் இம்யூனோபிரிசிபிடேஷன், அதாவது ஆய்வகப் பேச்சில் சிப், டிஓ-1 நன்கு நிரூபணமான இன்னொரு களம். ஃபார்மால்டிஹைடால் பிணைத்தபின்னும் தொடக்க முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் எபிடோப் எட்டும் தூரத்தில் இருக்கிறது. பி21 மரபணுவின் தொடக்கத்துக்கு ஏறத்தாழ 2,300 டிஎன்ஏ எழுத்துகள் முன்னால் இருக்கும் பி53 தளத்தைச் சான்றாக வைத்தால், நட்லின் கொடுத்த செல்களில் வெற்று ஐஜிஜியைவிடத் தெளிவாக உயர்ந்த விடை வர வேண்டும்; அது வராதவரை மற்ற மரபணுக்களைப் பார்ப்பதில் பொருளில்லை. வெற்றுச் சான்றுக்குப் பொதுவான எலி ஐஜிஜியைவிட ஐஜிஜி2ஏ வகையை வாங்குவது நல்லது. இந்தச் சோதனைக்கு அதிகச் செறிவு தேவைப்படுவதால், பத்து மடங்கு அடர்ந்த வடிவை விற்கும் நிறுவனங்களிடமிருந்து அதை வாங்கலாம். புரதம் டிஎன்ஏவைப் பிடிக்கிறதா என்று ஜெல்லில் பார்க்கும் ஜெல் ஷிஃப்ட் சோதனை செய்பவர்களுக்கும் டிஓ-1 ஏற்றது. பிஏபி421 தானே பி53-இன் டிஎன்ஏ பிடிப்பைத் தூண்டிவிடும் பழக்கம் உடையது, டிஓ-1-க்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒளிரும் சாயம் கொண்டு பி53-ஐச் செல்லுக்குள்ளேயே பார்க்கும் இம்யூனோஃப்ளூரசன்ஸில் செல்லின் உட்கரு பளிச்சென்று தெரிகிறது. 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, டிரைட்டான் என்ற வழக்கமான முறையே போதும். மெழுகில் பதித்த திசுக்களிலும் சிட்ரேட் கரைசலில் சூடாக்கியபின் வேலை செய்கிறது. மருத்துவமனை நோயியல் துறைகள் பெரும்பாலும் இதன் உறவான டிஓ-7-ஐப் பயன்படுத்துகின்றன. அதுவும் ஏறத்தாழ இதே இடத்தைப் பிடிப்பதுதான், வகை மட்டும் ஐஜிஜி2பி. நோயாளியின் அறிக்கைக்குப் போகும் சோதனைக்கு, ஆய்வுக்கு மட்டும் என்று அச்சிட்ட குப்பியைப் பயன்படுத்தக் கூடாது.

டிஓ-1 செய்யாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: நல்ல பி53-ஐயும் பிறழ்ந்த பி53-ஐயும் இது பிரித்துக் காட்டாது. அமைப்பைக் கொண்டு பிரித்தறிய பிஏபி1620, பிஏபி240 என்ற குளோன்கள் இருக்கின்றன. அவை புரதம் மடிந்த நிலையில் இருக்கும்போதுதான் வேறுபாட்டைக் காட்டும். வெஸ்டர்னில் எல்லாமே அவிழ்ந்துவிடுவதால் பிஏபி240 அங்கே நல்ல பி53-ஐயும் பிடித்துவிடும்.

விலைக்கு வருவோம். ஒரு குப்பியில் பொதுவாக ஒரு மில்லிலிட்டர், 200 மைக்ரோகிராம். ஒரு சிறிய மெம்பரேனுக்குப் பத்து மில்லிலிட்டர் கரைசல் என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு நீர்ப்பில் பத்து மைக்ரோலிட்டர் செலவாகிறது; நூறு மெம்பரேன்களுக்கு ஒரு குப்பி வரும். நீர்த்த கரைசலை எடுத்து வைத்து மறுபடியும் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் நீளும், ஆனால் அளவு கணக்கிடும் சோதனைகளுக்குப் புதிய கரைசலையே நான் பரிந்துரைப்பேன். சிப் சோதனையில் ஒவ்வொரு மாதிரிக்கும் 2 முதல் 5 மைக்ரோகிராம் போவதால் குப்பி வேகமாகக் காலியாகும். இறக்குமதிப் பொருள் என்பதால் இங்குள்ள ஆய்வகங்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆய்வுத் திட்டத்தின் பணம் மார்ச்சுக்குள் செலவாக வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்துகொள்ளும்போது முன்கூட்டியே ஆர்டர் கொடுப்பது கட்டாயமாகிறது. ஒரு கோடையில் எங்களுக்கு வந்த பெட்டியில் ஜெல் பைகள் முழுக்க உருகி வெதுவெதுப்பாக இருந்தன. முகவரிடம் கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. மேலே சொன்ன நான்கு குழி ஜெல்லை ஓட்டிப் பார்த்தோம், ஆன்டிபாடி நன்றாகவே இருந்தது. ஐஜிஜி மூலக்கூறு சில நாள் வெப்பத்தைத் தாங்கும். அதற்காகச் சோதிக்காமல் பயன்படுத்துவது தகாது. சோதித்த படத்தைக் குப்பியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணோடு சேர்த்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைப்பது நல்ல பழக்கம்.

பாதுகாப்பதைப் பொறுத்தவரை குப்பியோடு வரும் தாளில் எழுதியிருப்பதையே பின்பற்ற வேண்டும், ஏனெனில் ஒரே டிஓ-1-ஐப் பல நிறுவனங்கள் வெவ்வேறு கரைசல்களில் விற்கின்றன. சோடியம் அசைடும் ஜெலட்டினும் கலந்து வருவதை 4 டிகிரியில் வைத்தால் போதும், உறைய வைக்கக் கூடாது. கிளிசரால் கலந்தது கழித்தல் 20-இல் இருக்கலாம். எச்ஆர்பி பிணைத்த வடிவில் அசைடு சேரவே கூடாது. அது அந்த நொதியை முடக்கிவிடும். செல்களுக்குள் ஆன்டிபாடியைச் செலுத்தும் சோதனைகளுக்கு அசைடும் ஜெலட்டினும் இல்லாத வடிவைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு, குளோன் பெயர், செறிவு, ஐஜிஜி வகை, லாட் எண் ஆகிய நான்கையும் தெளிவாக அச்சிடும் எவரிடமும் வாங்கலாம் என்பதே என் பதில். பி53 இல்லாத செல்களை வைத்து எடுத்த படத்தை வெளியிடுபவர்களுக்கு முதலிடம் கொடுங்கள். ஹைப்ரிடோமாவின் மரபணு வரிசையைப் படித்து மறுசேர்க்கை முறையில் தயாரித்த டிஓ-1-உம் இப்போது கிடைக்கிறது. லாட்டுக்கு லாட் வேறுபாட்டை அது மேலும் குறைக்கும் என்பதால், நீண்டகாலத் திட்டம் உள்ளவர்கள் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டுரை எழுதும்போது வெறுமனே பி53 ஆன்டிபாடி என்று எழுதாமல் டிஓ-1 என்று குளோன் பெயரையும் எழுதுங்கள். படிப்பவர் அந்தப் பட்டை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று அறிய வேறு வழியில்லை.

இரண்டாவது குப்பிக்குப் பணம் கிடைத்தால் முயலில் தயாரித்த பி53 ஆன்டிபாடி ஒன்றையும், மூன்றாவதற்குக் கிடைத்தால் பி21-க்கான ஆன்டிபாடி ஒன்றையும் வாங்குங்கள். எம்டிஏ-எம்பி-468 குழியில் டிஓ-1 மிகக் கருத்த பட்டையைக் காட்டும். அந்த பி53-ஆல் பி21 மரபணுவை இயக்க முடியாது. மெம்பரேனின் கீழ்ப்பகுதியைக் கத்தரித்து, 21 கிலோடால்டன் அளவில் பி21-ஐயும் அதே நாளில் பார்த்துவிட்டால், திரண்டு நிற்கும் பி53 தன் வேலையைச் செய்கிறதா இல்லையா என்ற கேள்விக்கும் அந்த ஒரே ஜெல்லில் பதில் கிடைத்துவிடும்.